மரத்துக்கு வருஷக்கணக்கில் உழைக்கும் சீரியல் லைட்: எதைப் பார்த்து வாங்குவது?

தளிர்மதி:

வணக்கம். வீட்டுக்குள்ள வைக்கிற 7 அடி செயற்கை கிறிஸ்துமஸ் மரத்துக்கு வெதுவெதுப்பான வெள்ளை நிறத்துல எல்இடி சீரியல் செட் வாங்கணும். 100 விளக்கு செட் எது வாங்கினாலும் ஒரே கதிதான். முதல் வருஷம் நல்லா எரியுது, சுத்தி பெட்டியில வெச்சு அடுத்த டிசம்பர்ல எடுத்தா பாதி செட் இருட்டு. அட்டையில என்னவோ 25,000 மணி நேரம், 50,000 மணி நேரம்னு போட்டிருக்கு.

பிராண்ட் பேர் வேண்டாம், எதைப் பார்த்து முடிவு பண்றதுன்னு தெரிஞ்சா போதும். நேரா பிளக்ல சொருகுற செட் நல்லதா, அடாப்டர் வெச்ச செட்டா? இந்த உயரத்துக்கு எத்தனை விளக்கு வேணும்? பாதி செத்த செட்டைப் பிழைக்க வைக்க வழி இருக்கா?


ஈயப்பற்று:

அந்த 25,000 மணி நேரத்தை முதல்ல மனசுலேர்ந்து எடுத்துடுங்க. அது எல்இடி சில்லோட கணக்கு, செட்டோட கணக்கு இல்ல. ஒரு நாளைக்கு 6 மணி நேரம்னு 40 நாள் எரிச்சாலும் வருஷத்துக்கு 240 மணி நேரம்தான். 25,000-ஐ அதால வகுத்துப் பாருங்க, நூறு வருஷத்துக்கு மேல வரும். எந்த செட்டும் அவ்வளவு காலம் வராது. செட் சாகிறது எல்இடி தேய்ஞ்சு இல்ல. கால் துருப்பிடிச்சு, ஹோல்டருக்குள்ள தொடர்பு விட்டுப்போய், வயர் உறைக்குள்ளயே முறிஞ்சு, இல்லன்னா அடாப்டர் போய். அதனால கடையில கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை மணி நேரம் எரியும்"கிறது இல்ல. "விளக்கு வயரோட எப்படிச் சேர்ந்திருக்கு"ங்கிறதுதான்.

செத்த செட்ல ஒரு விளக்கை ஹோல்டர்லேர்ந்து உருவிப் பாருங்க. மேல இருக்கிற பிளாஸ்டிக் தலை புதுசு மாதிரியே பளபளன்னு இருக்கும். கீழ ரெண்டு கம்பிக் காலும் அடிப்பகுதியைச் சுத்தி மேல்நோக்கி மடிஞ்சிருக்கும். ஒரு கால் வெள்ளி நிறத்துலயே இருக்கும். இன்னொரு கால்ல, சரியா மடிப்பு விழற இடத்துல, காவி நிறத்துல தூள் படிஞ்சிருக்கும். நகத்தால தொட்டா அந்த இடத்துல கால் ஒடிஞ்சு கையோட வந்துடும். பெரும்பாலும் அது பிளஸ் பக்கத்துக் கால்.

காரணம் என்னன்னா, எல்இடி கால் பெரும்பாலும் செம்பு இல்ல, மேல மெல்லிசா முலாம் பூசின இரும்பு. காலை மடிக்கிறப்ப முலாம்ல விரிசல் விழுது. ஹோல்டருக்குள்ள இருக்கிற தொடர்புத் தகடு பித்தளையோ செம்போ. ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல கொஞ்சம் ஈரம், அதோட ஒரே திசையில ஓடுற கரண்ட். இந்த மூணும் சேர்ந்தா பிளஸ் பக்க உலோகம் கரைஞ்சுகிட்டே இருக்கும். மழையில நனையணும்னு இல்ல. பெட்டிக்குள்ள 11 மாசம் அடைபட்ட காத்துல இருக்கிற ஈரமே துருவை ஆரம்பிச்சு வெச்சிடும். அடுத்த டிசம்பர்ல பாதி இருட்டா இருக்கிறதுக்கு இதுதான் முதல் சந்தேகம்.

ஏன் சரியா பாதி? 100 விளக்கு செட்ல 50, 50-ஆ ரெண்டு வரிசை இருக்கும். ஒவ்வொரு வரிசையும் தொடர் இணைப்பு. வெள்ளை எல்இடி ஒண்ணுக்கு சுமார் 3 வோல்ட், 50-க்கு 150 வோல்ட், 230-ல மீதி உள்ள வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்குது. நடுவுல ஒரே ஒரு கால் விட்டாலும் அந்த 50-ம் இருட்டு. 49 விளக்கு நல்லா இருக்கிறப்பவே செட்டைக் குப்பையில போடுறாங்க.

அதனால உருவி எடுக்கிற மாதிரி இருக்கிற விளக்கை வாங்காதீங்க. விளக்கும் ஹோல்டரும் ஒரே வார்ப்பா, பிளாஸ்டிக் உருக்கி ஊத்தி மூடின வகையை வாங்குங்க. அதுல எல்இடி காலை வயரோட நேரா சால்டர் பண்ணியோ கிரிம்ப் பண்ணியோ (அழுத்தி நசுக்கிப் பிடிக்க வெச்சோ) மூடியிருப்பாங்க, காத்து உள்ள போக வழி கிடையாது. அட்டையில வெளிப்புறத்துக்கும் உகந்ததுன்னு இருந்தா, வீட்டுக்குள்ள வைக்கிறதுக்கும் அதையே எடுங்க. தூசும் தண்ணியும் உள்ள போகாம எவ்வளவு தடுக்கும்னு சொல்ற ஐ.பி. எண் குறைஞ்சது 44, கிடைச்சா 65. உள்ளறை செட்டை விட அதுல உறையும் தடிமன், மூடலும் இறுக்கம்.

அடாப்டரா நேரடி மெயின்ஸானு கேட்டீங்க. வீட்டுக்குள்ள மரத்துக்கு 24 அல்லது 31 வோல்ட் அடாப்டர் செட்தான் என் தேர்வு. குழந்தைங்க கை படற உயரத்துல 230 வோல்ட் வயர் சுத்தி வெக்கிறது எனக்கு ஒப்பவே இல்ல, இது முதல் காரணம். அடுத்தது, 24 வோல்ட்ல வெள்ளை எல்இடி 6, 7-தான் ஒரு தொடர்ல நிக்கும். அப்படிப்பட்ட குழுக்கள் பக்கவாட்டுல இணைஞ்சிருக்கும். ஒரு விளக்கு போனா இருட்டாகிறது 7 விளக்கு, 50 இல்ல. நல்ல அடாப்டர் சீரான டிசி (ஒரே திசை கரண்ட்) கொடுக்கும், விளக்கு துடிக்காது. மலிவான மெயின்ஸ் செட்ல ஒரே டையோடு போட்டு மின் அலையோட பாதியை மட்டும் விடுறாங்க. அது வினாடிக்கு 50 தடவை அணைஞ்சு எரியும், கண்ணைத் திருப்புறப்ப ஓரத்துல துடிக்கிறது தெரியும். போன் கேமராவை ஸ்லோமோஷன்ல வெச்சுப் பாத்தா கடையிலயே புரிஞ்சிடும்.

அடாப்டர் செட்ல முதல்ல சாகிறது அடாப்டர். அதுக்குள்ள இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு சூடு ஆகாது. 10 டிகிரி கூடினா ஆயுள் பாதியாகும். பரிசுப் பொட்டலத்துக்கு அடியிலயும், மரத்தடியில விரிக்கிற துணிக்குள்ளயும் அடாப்டரைப் புதைக்காதீங்க. வாங்குறப்பவே அடாப்டர் தனியா கழட்டுற கனெக்டரோட இருக்கான்னு பாருங்க. வயரோட ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தா, அது செத்த அன்னிக்கு மொத்த செட்டும் கையில நிக்கும்.


ஒளிவரிசை:

ஈயப்பற்று சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். எண்ணிக்கையும் சுற்றும் விதமும் நான் சொல்கிறேன், ஆயுளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அடிக்கு 100 விளக்கு என்றால் மரம் நன்றாக ஜொலிக்கும், அடிக்கு 50 என்றால் மென்மையாக இருக்கும். 7 அடிக்கு 350 முதல் 700 வரை. விளக்குக்கு விளக்கு 10 செ.மீ. இடைவெளி என்றால் 100 விளக்குக்கு 10 மீட்டர் வயர். 700 விளக்குக்கு 70 மீட்டர் ஆகும் என்பதை மனதில் வைத்து வாங்குங்கள். பலர் 20 மீட்டர் வாங்கிவிட்டு மேலே போகப்போக இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த இழுவை முழுவதும் வயர் விளக்குக்குள் நுழையும் கழுத்தில்தான் விழுகிறது. உறை முழுசாக இருக்கும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். தொட்டால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரே 700 விளக்குச் செட்டைவிட 200 அல்லது 250 கொண்ட மூன்று செட் நல்லது. கீழ்ப்பகுதி, நடு, உச்சி என்று தனித்தனியாகச் சுற்றினால் ஒன்று பழுதானாலும் மற்றதைப் பிரிக்காமல் அதை மட்டும் எடுக்கலாம். மூன்றையும் ஒரே நாளில், ஒரே தொகுப்பில் வாங்குங்கள். 2700 கெல்வின் என்று ஒரே நிற அளவை அச்சிட்ட இரண்டு தொகுப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று வெளிறியும் தெரியும்.

பிளக் முனையைக் கீழே, சுவரோரமாக வைத்துத் தொடங்குங்கள். மரத்தைச் சுற்றிச் சுற்றி வளைப்பதைவிட, ஒவ்வொரு கிளையிலும் நடுத்தண்டிலிருந்து நுனிவரை போய்த் திரும்பி வந்தால் ஆழம் கிடைக்கும். ஆனால் வயர் ஏறக்குறைய இரு மடங்கு செலவாகும். கிளையின் கம்பி நுனியில் வயரை முறுக்கிக் கட்ட வேண்டாம், மேலே போட்டு ஊசியிலைகளால் மூடினாலே நிற்கும். சுற்றும் முன் செட்டைத் தரையில் விரித்து அரை மணி நேரம் எரியவிடுங்கள். சூடேறிய பிறகு விட்டுப்போகும் தொடர்புகள் அப்போதே தெரிந்துவிடும்.

எட்டு வகையாக மின்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாத செட் கிடைத்தால் அதையே எடுங்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பும், தைரிஸ்டர் எனும் மின்சுவிட்சுகளும் குளிர்விக்க வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கின்றன. பெட்டி போனால் விளக்குகள் நன்றாக இருந்தும் பயனில்லை. மின்னும் வகை வேண்டும் என்றால் கடைசியாக வைத்த முறையை நினைவில் வைக்கும் பெட்டியா என்று பாருங்கள். இல்லையென்றால் டைமர் போட்டு எரிக்கும்போது ஒவ்வொரு நாளும் முதல் முறையிலிருந்து தொடங்கும்.

விளக்கு சேர்த்தே வரும் மரத்தை வாங்காமல் இருப்பது நல்லது. மரம் பத்து ஆண்டு தாங்கும், விளக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு பகுதி அணையும், கிளையோடு கிளிப் போட்டுப் பின்னிய வயரைப் பிரிக்க ஒரு முழு நாள் போதாது.


தளிர்மதி:

ரொம்ப நன்றி. மூணு செட் யோசனை நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு சந்தேகம். மெல்லிசான செம்புக் கம்பியில பொட்டு மாதிரி விளக்கு வர்ற செட் பாக்க அழகா இருக்கு, அது எப்படி? பழைய இழை பல்பு செட்டை மாத்தி மாத்திப் போட்டு ஓட்டலாம்னு சிலர் சொல்றாங்களே, அது சரியா?


ஈயப்பற்று:

செம்புக் கம்பி செட் ஜாடிக்குள்ள, மாலைக்குள்ள போட நல்லா இருக்கும். மரத்துக்கு, அதுவும் பல வருஷத்துக்கு, வேண்டாம். கம்பிமேல இருக்கிற காப்பு வெறும் எனாமல் பூச்சு. கிளையோட கம்பி முனை உரசினா பூச்சு போய் ரெண்டு கம்பியும் தொட்டுக்கும், அங்கேயே ஷார்ட். ஒரு தடவை மடிஞ்ச இடத்தை நிமிர்த்தினா அடுத்த மடிப்புல முறியும். எல்லா விளக்கும் பக்கவாட்டு இணைப்புங்கிறதால நீளம் கூடக்கூட வோல்ட் குறைஞ்சு கடைசி விளக்கு மங்கலா எரியும். பேட்டரியில ஓடுறதா இருந்தா ஜனவரியில பேட்டரியைக் கழட்டிடுங்க. ஆல்கலைன் பேட்டரி கசிஞ்சா ஸ்பிரிங்கைத் தின்னுடும்.

இழை பல்பு செட் பழுது பார்க்க சுலபம்தான். ஆனா கவனிக்காம விட்டா தன்னையே தின்னும். 230 வோல்ட்ல 20 பல்பு தொடரா இருந்தா ஒண்ணுக்கு 11.5 வோல்ட். ஒவ்வொரு பல்புக்குள்ளயும் இழைக்குக் கீழ ஒரு சன்னமான ஷன்ட் கம்பி சுத்தியிருக்கும், அதுமேல ஆக்சைடு பூச்சு. இழை அறுந்ததும் முழு 230 வோல்ட்டும் அந்த ஒரு பல்புமேல விழும், பூச்சு உடைஞ்சு ஷன்ட் வழியா கரண்ட் ஓடும், மத்த 19-ம் எரியும். ஆனா இப்ப ஒண்ணுக்கு 12.1 வோல்ட். 5 சதவீதம் கூடினாலே இழையோட ஆயுள் ஏறக்குறைய பாதி. இன்னொண்ணு போனா 12.8. அப்புறம் சரசரன்னு போகும். அதனால அணைஞ்ச பல்பை அன்னிக்கே மாத்தணும், அதே வோல்ட் பல்பாவும் இருக்கணும். கரண்ட் செலவும் எல்இடியை விடப் பல மடங்கு. நிஜ மரம்னா அந்தச் சூட்டுல ஊசியிலை சீக்கிரம் காயும். புதுசா வாங்குறவங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.


சர்க்யூட்மணி:

பாதி செத்த செட்டைப் பத்தி யாரும் இன்னும் சொல்லல. தூக்கிப் போடாதீங்க, பத்து செட்ல ஏழு எட்டு அரை மணி நேர வேலைதான்.

மெயின்ஸ் செட்டா இருந்தா தொடாமலே கரண்ட் காட்டுற டெஸ்டர் பேனா ஒண்ணு வேணும். செட்டை ஒரு கயித்துல நீட்டமா தொங்கவிட்டு, முறுக்கிக்கிடக்கிற வயர்களைப் பிரிச்சு விடுங்க. இல்லன்னா பக்கத்து வயரைப் பாத்தே பேனா கத்தும். இருட்டுப் பகுதியோட முதல் விளக்குலேர்ந்து தலைக்குத் தலை பேனாவை வெச்சுக்கிட்டே போங்க. கத்திக்கிட்டே வந்து எங்க நிக்குதோ, அந்த விளக்குக்கும் அதுக்கு முந்தின விளக்குக்கும் நடுவுலதான் அறுபட்டிருக்கு. எங்கயுமே கத்தலன்னா பிளக்கைத் திருப்பிச் சொருகிப் பாருங்க, இல்லன்னா மறு முனையிலேர்ந்து தேடுங்க. அதுக்கு முன்னாடி, பிளக்குக்குள்ள ஃபியூஸ் இருந்தா அதைப் பாத்துடுங்க. மொத்த செட்டும் இருட்டா இருந்தா முதல் சந்தேகம் அதுதான். அடாப்டர் செட்டுக்கு இந்தப் பேனா வேலை செய்யாது, மல்டிமீட்டரை டிசியில வெச்சு ஒவ்வொரு குழுவா அளக்கணும்.

இடம் தெரிஞ்சதும் பிளக்கை உருவிட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. சில செட்ல கெப்பாசிட்டர் இருக்கும், உருவின உடனே தொட்டா உதறும். அப்புறம் விளக்கை எடுங்க. அடிப்பகுதியில ஒரு பக்கம் சின்னப் புடைப்போ பள்ளமோ இருக்கும், எந்தப் பக்கம் இருந்ததுன்னு குறிச்சு வெச்சுக்குங்க. எல்இடியைத் திருப்பிப் போட்டா அந்த வரிசையே எரியாது. விளக்கு நல்லதான்னு பாக்க 3 வோல்ட் நாணய பேட்டரி போதும். கால் ரெண்டையும் பேட்டரியோட ரெண்டு முகத்துலயும் அழுத்துங்க, எரியலன்னா திருப்பி அழுத்துங்க. அதுல எரிஞ்சா எல்இடி நல்லதுதான், தொடர்புதான் கெட்டிருக்கு.

காலை 400-ஆம் நம்பர் உப்புத்தாளால லேசா தேச்சு, ஹோல்டருக்குள்ள கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடிச்சு, காய்ஞ்சதும் தகட்டை ஊசியால கொஞ்சம் உள்பக்கமா நெம்பி விடுங்க. டைஎலக்ட்ரிக் கிரீஸை ஒரு கடுகளவு தடவி விளக்கைச் சொருகுங்க. கரண்ட்டைக் கடத்தறதுக்கு இல்ல அந்த கிரீஸ், ஈரம் உள்ள வராம அடைக்கத்தான். பழைய உருவல் வகை செட் வெச்சிருக்கிறவங்க சீசன் முடிஞ்சதும் எல்லா விளக்குக்கும் இதைச் செஞ்சுட்டா துரு வர்றது வெகுவா குறையும்.

கால் ஒடிஞ்சிருந்தா அதே நிற விளக்கை வேற செத்த செட்லேர்ந்து எடுத்துப் போடுங்க. வெள்ளை, நீலம், பச்சை 3 வோல்ட் பக்கம். சிவப்பும் மஞ்சளும் 2 வோல்ட் பக்கம். வெள்ளை வரிசையில சிவப்பைக் கலந்து போட்டா எரியும், ஆனா மத்த விளக்குக்கு கரண்ட் கொஞ்சம் ஏறும்.

வார்ப்பு வகைல விளக்கை மாத்த முடியாதேன்னு நினைப்பீங்க. வெட்டி எடுத்துட்டு ரெண்டு வயரையும் சேர்த்துடலாம், ஒரு அளவு வரைக்கும். 50 விளக்கு வரிசையில ரெசிஸ்டர்மேல சுமார் 80 வோல்ட் விழுதுன்னு வெச்சுக்குங்க. ஒரு விளக்கை எடுத்தா அது 83 ஆகும், கரண்ட் சுமார் 4 சதவீதம்தான் கூடும். ரெண்டு வரைக்கும் சரி. அஞ்சு எடுத்தா 19 சதவீதம், அது ரெசிஸ்டரையும் மத்த எல்இடியையும் சுட ஆரம்பிக்கும். 24 வோல்ட் செட்ல இந்த வேலையே வேண்டாம். 7 விளக்குக் குழுல ஒண்ணைக் குறைச்சாலும் கரண்ட் ரெண்டு மடங்குக்குப் போயிடும், வேற விளக்கை வெச்சுத்தான் சால்டர் பண்ணணும். இணைப்புக்கு மேல உள்பக்கம் பசை உள்ள ஹீட்ஷ்ரிங்க் குழாய் போட்டு, சூடு காட்டிச் சுருக்குங்க. வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு வருஷத்துல பிசுபிசுத்து அவிழ்ந்துடும். வெட்டி இணைக்கிற வேலை பழக்கமில்லன்னா மெயின்ஸ் செட்ல கை வைக்காதீங்க.


ஒளிவரிசை:

எடுத்துவைப்பது பற்றி ஒன்று. கை முட்டியில் சுற்றி நடுவில் இறுக்கிக் கட்டும் பழக்கம்தான் வயர் கழுத்துகளை முறிக்கிறது. ஒரு தடித்த அட்டையின் இரு ஓரத்திலும் வெட்டுப் போட்டு, பிளக் முனையை வெளியே விட்டுத் தளர்வாகச் சுற்றுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். கூரைக்கு அடியில் வெயில் காயும் பரணில் வைக்காதீர்கள், பிவிசி உறையின் மென்மை போய் அடுத்த ஆண்டு வளைத்தால் வெடிக்கும்.


தளிர்மதி:

கடைசியா ஒண்ணு. ஏற்கெனவே இருக்கிற ஒரு 31 வோல்ட் செட்டுக்கு வேற அடாப்டர் போட்டா ஒண்ணு விட்டு ஒண்ணுதான் எரியுது. செட் கெட்டுப்போச்சா?


சர்க்யூட்மணி:

இல்ல, செட் நல்லாத்தான் இருக்கு. அது ரெண்டே வயர்ல மின்னுற வகை. பாதி விளக்கு ஒரு திசையிலயும், மீதி எதிர்த் திசையிலயும் இணைச்சிருப்பாங்க. அதோட சொந்த அடாப்டர் பிளஸையும் மைனஸையும் வேகமா மாத்தி மாத்திக் கொடுக்கும். நீங்க போட்டது சாதாரண டிசி, ஒரே திசை. கனெக்டரைத் திருப்பிக் கொடுத்தா எரிஞ்சது அணைஞ்சு அணைஞ்சது எரியும், அதுலயே உறுதியாயிடும். எட்டு வகையா மின்ன வைக்கிற பட்டன் உள்ள, "ரெண்டு வயர் செட்டுக்கு"ன்னு விக்கிற 31 வோல்ட் அடாப்டர் வாங்குங்க. வாட் அளவு பழைய லேபிள்ல இருந்ததுக்குக் குறையாம இருக்கணும், கூட இருந்தா பரவாயில்ல. இப்ப போட்டிருக்கிறதோட ரொம்ப நேரம் எரிய விடாதீங்க. எரியுற பாதிக்கு இடைவேளையே இல்லாம முழு நேரமும் கரண்ட் போய்க்கிட்டிருக்கு.